ஊறப்போட்ட இரண்டாம் பக்கம்

அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அடிக்குறிப்பு. கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கேலி செய்பவர்களை இப்படி ஏமாற்றிவிடும் மனிதர்கள் உண்டு. கேலி வீணாகிறது என்பதுகூடப் பரவாயில்லை. நாளைக்கே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டு வந்து நிற்பாரோ என்று நமக்குக் கவலை வந்துவிடும்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்த மொழிபெயர்ப்பு அலுவலகம். கீழே சக்கரத்தைக் கழற்றும் இயந்திரம் அலறும்போது மேலே மேஜைக் கண்ணாடி அதிரும். ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கும், திரும்பாமலே போய்ச் சேர்ந்தவர்களின் குடும்பங்களுக்கும் அங்கிருந்து ஓய்வூதியக் காகிதங்களும் காப்பீட்டுக் காகிதங்களும் வரும். இங்கே வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் ஆங்கிலம்தான் புரியும், அல்லது புரிந்த மாதிரி இருக்கும். நடுவில் உட்கார்ந்து ஜெர்மனை ஆங்கிலமாக்கி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போடுவது அடிக்குறிப்பின் தொழில்.

அந்தத் தொழிலில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று சொல்வார்கள். முதலில் சொன்னது அவர்தான்; மறுக்கப் போதிய ஆர்வம் யாருக்கும் இல்லாததால் அது நிலைத்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் நாலைந்து சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி ஒரே சொல்லாக்கி அனுப்புவார்கள். அதை ஆங்கிலமாக்குகிறவர் எங்காவது ஓரிடத்தில் துணிந்து இதுதான் பொருள் என்று சொல்லியாக வேண்டும். நம்மவர் சொல்லமாட்டார். ‘பென்ஷன்’ என்று எழுதி, சாய்கோடு போட்டு ‘ஆன்யூட்டி’ என்று எழுதி, இன்னொரு சாய்கோடு போட்டு ‘பெனிஃபிட்’ என்று எழுதி, மேலே சின்னதாக ஓர் எண்ணைக் குத்தி, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தன் சந்தேகங்களைக் கொட்டிவிடுவார். படிக்கிற நீதிபதி மூன்றில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். தப்பானால் நீதிபதியின் தப்பு. இதற்கு அவர் வைத்திருந்த பெயர் நேர்மை.

பேச்சிலும் அப்படித்தான். டீ வேண்டுமா என்று கேட்டால், “வேண்டாம்னு சொல்ல முடியாது” என்பார். பையன் டீயை வைத்துவிட்டுப் போய்விடுவான். ஜெர்மன் காப்பீட்டுச் சொற்களுக்கு அகராதி ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். கல்யாணமான வருடம் தொடங்கியது. இன்னும் இரண்டாவது எழுத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் ஜெர்மன் அரசாங்கமே சட்டத்தைப் பல தடவை மாற்றிவிட்டது. அவசரக்காரர்கள்.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு ஊறல் தட்டு. மொழிபெயர்த்த காகிதத்தை உடனே கொடுத்துவிடக் கூடாது. மேஜையின் இடது ஓரத்தில் இருக்கும் மரத் தட்டில் போட்டு, அது மறந்து போகும்வரை காத்திருந்து, பிறகு அந்நியனைப் போல எடுத்துப் படிக்க வேண்டும். “வார்த்தை ஊறணும்” என்பார். வார்த்தை ஊறிக்கொண்டிருக்கும் நாட்களில் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து காய்ந்துகொண்டிருப்பவர்கள் அவருடைய கணக்கில் வரமாட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் ஜெர்மனியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்து, அங்கேயே மாரடைப்பில் போனவர். உயிரோடு இருந்தபோது அவரை அடிக்குறிப்பு பெரிதாக மதித்ததில்லை. இறந்ததும் அவர் “ஜெர்மனியில இருந்த என் மைத்துனர்” ஆகிவிட்டார். வெல்டிங் மெஷின் அந்த வாக்கியத்திலிருந்து சத்தமில்லாமல் நழுவிவிட்டது.

தங்கைக்கு அங்கிருந்து விதவை ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. ஜெர்மன் சட்டத்தில் அது பெரியது, சிறியது என்று இரண்டு வகை. தங்கைக்குக் கிடைத்தது பெரியது. அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் ஆங்கிலத்தில் ‘பெரிய விதவையின் ஓய்வூதியம்’ என்று நிற்கும். பெரியது விதவையா, ஓய்வூதியமா என்று அவர் ஒரு அடிக்குறிப்பு போட, வங்கி மேலாளர் தங்கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வருடத்துக்கு ஒரு தடவை அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சான்று அனுப்ப வேண்டும். அதையும் அண்ணன்தான் கவனித்துக்கொண்டார். தங்கை வாழ்கிறாள் என்பது அவரைப் பொறுத்தவரை வருடாவருடம் முத்திரை குத்தி நிரூபித்தால் முடிந்துபோகிற விஷயம். அதற்கு மேல் வாழ்வது ஆடம்பரம்.

ஜெர்மன் கடிதங்கள் எல்லாம் தன் அலுவலக முகவரிக்கே வரும்படியும் ஏற்பாடு செய்திருந்தார். “உனக்கு எதுக்கும்மா சிரமம்” என்றார். தங்கை தடுக்கவில்லை. வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது யாராவது மருந்துக்கடையில் போய் வைத்தியம் கேட்பார்களா?

தங்கை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு துண்டை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணா, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.”

“யாருக்கு?” என்றார் அண்ணன்.

“எனக்குத்தான்.”

அண்ணி தலையைத் தூக்காமலே கேட்டாள். “அந்த லிஃப்ட் மெக்கானிக்கா?”

“உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?”

“உங்க லேப்ல மட்டும் லிஃப்ட் மாசம் பூரா கெட்டுப்போயிட்டே இருந்துச்சு. கம்ப்ளெயின்ட் எழுதிப் போடலாம்னுகூட இருந்தேன். நல்லவேளை போடல.”

தங்கை சிரித்தாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவருக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும் கண்ணாடி.

“நான் எதிர்க்கிற ஆள் இல்ல. அது உனக்கே தெரியும். மறுமணத்தைப் பத்தி மேடையிலயே பேசியிருக்கேன்.”

“பேசினீங்க. கைதட்டக்கூடச் செஞ்சாங்க. அதனாலதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன். இப்ப எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும். கல்யாணம் பண்ணிக்கிட்டா அந்த பென்ஷன் என்ன ஆகும்?”

“வாயால சொல்ற விஷயமில்லம்மா அது.”

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதுன்னு சொல்ல முடியாது.”

“அண்ணா, ஒரு தடவை ஒருத்தர் சம்பளத்தையே நம்பி இருந்தேன். அங்கருந்து ஃபோன் வந்தப்புறம்தான் கையில ஒன்னுமே இல்லன்னு தெரிஞ்சுது. அவர் நல்லவர்தான், ஆனா நல்லவங்களும் செத்துப்போறாங்க. இந்தத் தடவை நல்லா தெரிஞ்சுக்கிட்டுத்தான் சரின்னு சொல்வேன். அவருக்கு வேற ஊர் பிராஞ்சுக்கு மாத்தல் வந்திருக்கு. நான் சரின்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு இங்கயே இருப்பார். இல்லன்னா போயிடுவார்.”

“அப்ப அதிகாரப்பூர்வமாவே கேட்டுடலாம்” என்றார் அண்ணன். மறுக்கத் துணிச்சல் வேண்டும்; அது அவரிடம் இல்லை. ஜெர்மன் அலுவலகத்துக்குக் கேள்வியைத் தானே எழுதினார், தானே தபாலில் சேர்த்தார். இந்தக் கேள்விக்கான பதிலை எத்தனையோ விதவைகளுக்கு அவர் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். புதிதாகச் சேரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் சிரிக்க வைப்பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், கடல் தாண்டிக் கேட்டு எழுதினார்.

பதில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. ஜெர்மன்காரர்களிடம் இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. மூன்று பக்கம். முதல் பக்கத்தில், மறுமணம் செய்யும் மாதத்தோடு ஓய்வூதியம் நின்றுவிடும் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில், அப்படி நிற்கும்போது ஏறக்குறைய இரண்டு வருட ஓய்வூதியத்தைச் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவோம் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், புதிய திருமணம் முறிந்தாலோ புதிய கணவர் இறந்தாலோ பழைய கணவர் வழி ஓய்வூதியத்தை மறுபடி கேட்கலாம் என்று இருந்தது. அந்தப் பழைய கணவருக்குச் சட்டம் வைத்த பெயர் ‘கடைசிக்கு முந்தைய வாழ்க்கைத்துணை’. வகுப்பில் சிரிக்க வைக்கும் இடம் இதுதான்.

அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கொள்கையளவில் விதவைகள் மறுமணம் செய்யலாம். உலகத்து விதவைகள் எல்லாரும் செய்துகொள்ளட்டும், அவரே முத்திரை குத்தித் தருவார். ஆனால் நாளைக்கு ஒரு விசேஷத்தில் நாலு பேர் நடுவில் “இவர் என் மைத்துனர்” என்று தொடங்கி, “லிஃப்ட்” என்று எப்படி முடிப்பது? ஏதாவது ஒரு வெளிநாட்டில் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டிருந்தாலாவது நாட்டின் பெயரைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனிதர் உள்ளூரிலேயே போட்டுத் தொலைத்திருந்தார்.

கடிதம் ஊறல் தட்டுக்குப் போயிற்று.

“பதில் வந்துச்சாண்ணா?” என்று தங்கை கேட்டாள். “வந்திருக்கு, ஊறுது” என்றார். அடுத்த வாரமும் கேட்டாள். அண்ணி சும்மா இருக்கவில்லை. “அது என்ன கடிதமா, ஊறுகாயா? எடுத்துக் குடுங்க” என்றாள். வீட்டில் அவருக்குச் சாய்கோடு போட வசதியில்லாத ஒரே ஆள் அண்ணிதான். மறுநாள் மாலை ஒரு தாளைக் கொண்டுவந்து தங்கையின் கையில் கொடுத்தார். சுத்தமான ஆங்கிலம், முத்திரை, கையெழுத்து, அடியில் நாலு வரி பொடி எழுத்து. மறுமணம் செய்யும் மாதத்தோடு ஓய்வூதியம் நின்றுவிடும்.

“அவ்வளவுதானா?” என்றாள் தங்கை.

“சட்டம்மா. நாம என்ன பண்றது?” என்று சொல்லி, வருத்தப்படவும் செய்தார். அந்த வருத்தம் பொய் இல்லை. அவர் வருத்தப்படுவதில் மட்டும் எப்போதும் உண்மையாக இருந்தார்.

தங்கை மறுநாள் லிஃப்ட் வாசலில் வைத்து மெக்கானிக்கிடம் முடியாது என்று சொன்னாள். அவர் பெரிதாக வாதாடவில்லை. “பென்ஷன் போனா என்ன, நான் இருக்கேன்ல” என்றார். “அதைத்தான் அவரும் சொன்னார்” என்றாள் தங்கை. மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

நம்மவர் முழு அயோக்கியராக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும், நாமும் அவரைக் கொஞ்சம் மதித்திருப்போம். ஆனால் தொழில்முறையில் அவர் யோக்கியர். முத்திரை குத்தும் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் இது எத்தனையாவது பக்கம், மொத்தம் எத்தனை பக்கம் என்று போட்டாக வேண்டும். போடாத தாளில் கையெழுத்திட அவர் கை வராது. தங்கையின் வாழ்க்கையில் இரண்டு பக்கத்தை எடுத்து ஒளித்து வைத்தவர், வலது மூலையில் ஒழுங்காக ‘1/3’ என்று போட்டுத்தான் கொடுத்திருந்தார்.

தங்கை அதைப் பார்த்தது அந்த வாரக் கடைசியில். பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் வந்து கத்திக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டில் முதல் பக்கம் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். முக்கியமானது இரண்டாவதில் இருக்கிறதாம். தங்கை மன்னிப்புக் கேட்டு மீதியை அச்சடித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அதன் மூலையைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளின் மூலையைப் பார்த்தாள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மொழிபெயர்ப்பு அலுவலகத்தை நடத்தியவர் ஓர் அம்மாள். எல்லாருக்கும் முதலாளியம்மா. அடிக்குறிப்பின் சாய்கோடுகளைச் சிவப்பு மையால் அடித்தே அவருக்குக் கை வலி வந்திருந்தது. அவர் மேஜைமேல் தங்கை அந்தத் தாளை வைத்தாள்.

“அம்மா, இதுல மீதி ரெண்டு பக்கம் எங்க?”

முதலாளியம்மா தாளைப் பார்த்தார். அடிக்குறிப்பைப் பார்த்தார். “சார், எங்க சார்?”

“அது இன்னும்…” என்றார் அடிக்குறிப்பு.

“ஊறுதா?”

முதலாளியம்மாவே எழுந்து போய் ஊறல் தட்டைக் கிளறினார். மூலக் கடிதம் இருந்தது. அதோடு சேர்த்துக் குத்தியிருந்த இரண்டு ஆங்கிலத் தாள்களும் இருந்தன. கடிதம் வந்த அன்றே அடிக்குறிப்பு மொழிபெயர்த்து முடித்துத் தேதி போட்டிருந்தார். முதலாளியம்மா நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறிற்று. ஒரு சாய்கோடு இல்லை. ஒரு அடிக்குறிப்பு இல்லை. ஒவ்வொரு ஜெர்மன் சொல்லுக்கும் ஒரே ஆங்கிலச் சொல், ஆணி அடித்த மாதிரி. மனிதர் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, என்ன எழுதியிருக்கிறது என்று துளி சந்தேகமில்லாமல் புரிந்துகொண்டு செய்த வேலை அது.

“சார், இவ்வளவு நல்லா பண்ணத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தானா என் உயிரை வாங்கினீங்க இத்தனை வருஷமா?”

பிறகு தங்கையை உட்காரச் சொல்லி, படித்து, பேச்சுத்தமிழில் சொன்னார். “பென்ஷன் நிக்கும், அது நிஜம். ஆனா நிக்கும்போது ரெண்டு வருஷத்துக்கான அளவு ஒரே தடவையா கைக்கு வந்துடும். நீங்க எழுதிக் கேக்கணும், அவ்வளவுதான். அப்புறம் மூணாவது பக்கம். இந்தக் கல்யாணம் சரிப்படாம முறிஞ்சு போனாலோ, அவரும் போய்ச் சேர்ந்துட்டாலோ, பழைய பென்ஷனை மறுபடி கேக்கலாம். புதுக் கல்யாணத்து வழியா ஏதாவது வந்தா அதைக் கழிச்சுட்டுத் தருவாங்க. உங்க வீட்டுக்காரருக்கு இங்க ‘கடைசிக்கு முந்தின கணவர்’னு பேரு.”

“கடைசிக்கு முந்தினவரா?” என்றாள் தங்கை. “எத்தனை பேர் வரைக்கும்மா போவாங்க இவங்க?”

“ஒருத்தர் முந்தினதோட நிறுத்திட்டாங்க. ஜெர்மன்காரங்களுக்கும் ஒரு அளவு இருக்கு.”

அலுவலகமே சிரித்தது. தங்கையும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு அண்ணன் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏண்ணா?”

“நான் எதையும் மறைக்கல. பகுதி பகுதியா ஒப்படைக்கிறது எங்க தொழில்ல ஏத்துக்கிட்ட முறைதான். மூணு பக்கம்னு நானேதான் போட்டிருக்கேன். பாரு. மறைக்கிறவன் போடுவானா?”

“அப்ப நான் கண்டுபிடிக்கணும்னு போட்டீங்களா, கண்டுபிடிக்கமாட்டேன்னு போட்டீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். உண்மையாகவே யோசித்தார். “ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம்” என்றார்.

தங்கை மூன்று தாள்களையும் மூலக் கடிதத்தையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து மெக்கானிக்குக்கு ஃபோன் செய்தாள். கீழே டயர் இயந்திரம் அலறியதால் அவளும் அலற வேண்டியிருந்தது.

“மாத்தலுக்குச் சரின்னு எழுதிக் குடுத்துட்டீங்களா?”

“நாளைக்குக் குடுக்கணும். ஏன்?”

“குடுக்காதீங்க!”

“என்னாச்சு? சட்டத்தை மாத்திட்டாங்களா?”

“சட்டம் மாறலீங்க. பக்கத்தைத் திருப்பினேன். நீங்க முன்னாடியே செத்துப்போனாலும் இப்ப எனக்குப் பயமில்ல!”

“இதைவிட நல்லா என்கிட்ட யாரும் சம்மதம் சொன்னதில்ல” என்றார் மெக்கானிக்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து முதலாளியம்மாவும் அண்ணியும். அண்ணனும் வந்திருந்தார், கூப்பிடாமலே. கூப்பிடவில்லை என்றும் சொல்ல முடியாது, அண்ணி அவரைக் கிளப்பிக் கூட்டி வந்திருந்தாள். தங்கை மாடி அறையைக் காலி செய்தாள். அவளுடைய கடிதங்கள் இப்போது அவள் முகவரிக்கே வருகின்றன, மொழிபெயர்ப்பது முதலாளியம்மா. மொத்தத் தொகைக்கான விண்ணப்பத்தையும் அவர்தான் அனுப்பினார். அது வந்து சேர்ந்தது. ஊறாமலே.

அடுத்த வகுப்பில் புதிய மொழிபெயர்ப்பாளர்கள் முன்னால் அடிக்குறிப்பு வழக்கம்போல அந்தச் சட்டத்துக்கு வந்தார். கடைசிக்கு முந்தைய கணவரைச் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, இதெல்லாம் வெறும் சொற்கள் இல்லை என்றார். என் சொந்தத் தங்கை விதவையாக இருந்தவள். இந்தச் சட்டத்தை நான் மொழிபெயர்த்துக் கொடுத்ததால்தான் அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைந்தது. மைத்துனர் செங்குத்துப் போக்குவரத்துத் துறையில் இருக்கிறார் என்றார். வகுப்பு கைதட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் அதில் எதுவும் பொய் இல்லை என்பதுதான் அந்த மனிதரின் கொடுமை.

அண்ணி தொலைபேசியில் இதைச் சொல்லி, “வந்து நாலு கேள்வி கேளு, எனக்கு மனசே ஆறல” என்றாள்.

“விடுங்க அண்ணி, சொல்லிட்டுப் போகட்டும்” என்றாள் தங்கை. “கல்யாணத்துல ஒரு வேலையும் செய்யாம நின்னாரு, பாவம். இப்பவாவது ஒன்னு கிடைச்சுதே.”